ஐந்து சதுர மீட்டரில் ஒரு சமையலறை: ஸ்வீட் ஹோம் 3டி மென்பொருள் பற்றிய மதிப்பீடு

ஸ்வீட் ஹோம் 3டி என்பது பிரான்சைச் சேர்ந்த நிரலாளர் எம்மானுவேல் புய்பாரே உருவாக்கிய, மூலநிரல் அனைவருக்கும் திறந்துவைக்கப்பட்ட வீட்டு உள்ளமைப்பு மென்பொருளாகும். இது விண்டோஸ், மேக், லினக்ஸ் ஆகிய மூன்றிலும் இயங்குவதாலும், கட்டணமின்றிக் கிடைப்பதாலும், கணினியில் நிறுவிய பிறகு இணையத் தொடர்பை எதிர்பாராததாலும், சிறிய அடுக்ககங்களில் வாழ்வோர் தச்சரிடமோ மாடுலர் கிச்சன் கடையிலோ முன்பணம் கொடுப்பதற்கு முன் தங்கள் சமையலறையைத் தாங்களே வரைந்து பார்ப்பதற்கு ஏற்ற கருவியாக அமைகிறது. கடைகள் தரும் திட்டமிடும் செயலிகள் அந்தந்தக் கடையின் பெட்டிகளை மட்டுமே காட்டும் இயல்புடையவை. அந்தச் சார்பு இதில் இல்லை. ஆயினும் இம்மென்பொருளின் உண்மையான பயன், பலரும் முதலில் வியக்கும் முப்பரிமாணப் படத்தில் இல்லை; திரையின் மேற்பகுதியில் விரியும் தரைப்படத்திலும், ஒவ்வொரு பொருளின் அகலம், ஆழம், உயரம் ஆகியவற்றை எண்ணாகத் தட்டச்சு செய்யும் சிறு கட்டங்களிலும்தான் இருக்கிறது என்பதே இம்மதிப்பீட்டின் முடிவு.

சோதனைக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட அறை எட்டுக்கு ஏழு அடி, அதாவது உட்புறம் 2440 மி.மீ. நீளமும் 2130 மி.மீ. அகலமும் கொண்டது. இதன் பரப்பு ஏறத்தாழ 5.2 சதுர மீட்டர். உணவருந்தத் தனி இடம் உள்ள வீட்டில் சமையலறை குறைந்தது 5 சதுர மீட்டர் பரப்பும் 1.8 மீட்டர் அகலமும் கொண்டிருக்க வேண்டும் என்று இந்திய தேசியக் கட்டட விதித்தொகுப்பு கூறுவதால், இது விதியின் கீழ்வரம்பை ஒட்டிய அறை. இரண்டு படுக்கையறை வீடுகள் பலவற்றில் கட்டுநர்கள் ஒதுக்கும் அறையும் பெரும்பாலும் இத்தகையதே.

வரையத் தொடங்கியவுடனேயே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. இம்மென்பொருள் சுவரை அதன் நடுக்கோட்டை அடிப்படையாகக் கொண்டு வரைகிறது. சுட்டியால் இழுக்கும் கோட்டின் இருபுறமும் சுவரின் தடிமன் பாதிப்பாதியாகப் பரவுகிறது. நாடாவால் அளந்த 2440 மி.மீ. உள்ளளவைச் சுவரின் நீளமாக அப்படியே இட்டு, நம் ஊர் ஒன்பது அங்குலச் செங்கல் சுவருக்குரிய 230 மி.மீ. தடிமனையும் கொடுத்தால், திரையில் உருவாகும் அறையின் உள்நீளம் 2210 மி.மீ. ஆகச் சுருங்கிவிடும். நான்கு சுவருக்கும் இதே பிழை நேர்ந்தால் 5.2 சதுர மீட்டர் அறை 4.2 ஆகக் குறைகிறது. பெரிய கூடத்தில் இது பொருட்படுத்தத் தக்கதன்று, இந்த அறையிலோ ஒரு குளிர்பதனப் பெட்டியின் இடமே காணாமற்போகும். எனவே உள்ளளவோடு சுவரின் தடிமனைக் கூட்டி வரைவதும், வரைந்தபின் பரிமாணக் கோட்டுக் கருவியால் சுவரின் உள்முகத்திலிருந்து உள்முகத்துக்கு அளந்து சரிபார்ப்பதும் தவிர்க்கக் கூடாத பணிகள். பூச்சு வேலையால் சுவர்கள் நேராக இருப்பது அரிதாகையால், தரையருகிலும் மேடை மட்டத்திலும் பரண் மட்டத்திலும் தனித்தனியே அளந்து, மூன்றில் மிகச் சிறிய அளவையே கணினிக்குத் தருவது நல்லது.

அடுத்து வருவது பொருள்களின் பட்டியல். அதில் உள்ள அடுப்புகளும் தொட்டிகளும் பாத்திரம் கழுவும் இயந்திரமும் ஐரோப்பிய வழக்கின்படி அமைந்தவை. அங்கு 600 மி.மீ. ஆழமும் ஏறத்தாழ 900 மி.மீ. உயரமும் கொண்ட மரப்பெட்டிகள்மீது மேற்பலகை வைக்கப்படுகிறது. தமிழ்நாட்டுச் சமையலறைகளில் பெரும்பாலும் கான்கிரீட் பலகை வார்த்து, அதன்மேல் கிரானைட் பதித்து, 800 முதல் 850 மி.மீ. உயரத்தில் சமையல் மேடை கட்டப்படுகிறது. கான்கிரீட்டும் கல்லும் சேர்ந்து 100 மி.மீ. வரை எடுத்துக்கொள்வதால், மேடைக்குக் கீழே எஞ்சும் உயரம் ஏறக்குறைய 750 மி.மீ. மட்டுமே, முழு அளவுப் பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்கு ஏறத்தாழ 850 மி.மீ. உயரம் வேண்டும். மென்பொருளோ ஒரு பொருள் மற்றொன்றுக்குள் புகுந்து நிற்பதைத் தடுப்பதில்லை, எச்சரிப்பதுமில்லை. தரைப்படத்தில் இயந்திரம் மேடைக்கடியில் அழகாக அடங்கியிருக்கும். முப்பரிமாணக் காட்சியில் அதன் தலை கல்லுக்குள் புதைந்திருப்பது, பார்வைக் கோணத்தைத் தாழ்த்திப் பார்த்தால் மட்டுமே தெரியும். பட்டியலில் உள்ள பெட்டி வடிவத்தை எடுத்து 100 மி.மீ. தடிமனுள்ள மேடையாக மாற்றி, தரையிலிருந்து அதன் உயரத்தை எண்ணாகக் கொடுத்துவிடுவதே பாதுகாப்பான வழி.

இவையெல்லாம் அளவு பற்றியவை. சிறிய சமையலறையின் வெற்றி தோல்வியை முடிவு செய்வது நகரும் பொருள்கள்தாம்: திறக்கும் கதவு, வெளியே இழுக்கும் இழுப்பறை, கீழ்த்தட்டிலிருந்து பாத்திரம் எடுக்கக் குனியும் உடல். 1926-இல் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி வடிவமைத்த ஃபிராங்க்ஃபர்ட் சமையலறை 1.9 மீட்டர் அகலமே கொண்டிருந்தும் இன்றுவரை பேசப்படுவதற்குக் காரணம், பெட்டிகளை அடுக்குவதற்கு முன் அதில் வேலை செய்பவரின் நடமாட்டம் ஆராயப்பட்டிருந்ததே. ஸ்வீட் ஹோம் 3டி, வீட்டுக் கதவு சுழலும் வட்டவில்லைத் தரைப்படத்தில் தானாகவே காட்டுகிறது. குளிர்பதனப் பெட்டிக்கும் அலமாரிக்கும் அத்தகைய வில் இல்லை. இதுவே இம்மென்பொருளின் மிகப் பெரிய குறை.

இதன் விளைவை இரண்டு அமைப்புகளில் காணலாம். எதிரெதிர்ச் சுவர்களில் 600 மி.மீ. ஆழத்தில் மேடை அமைத்தால் நடுவே 930 மி.மீ. வழி கிடைப்பதாகப் படம் காட்டும். 500 மி.மீ. இழுப்பறையைத் திறந்தால் எஞ்சுவது 430 மி.மீ. மட்டுமே, அதில் நின்றபடி அடித்தட்டை எட்டிப் பார்க்க இயலாது. ஒருவர் மட்டும் சமைக்கும் இடத்துக்கே 42 அங்குலம், அதாவது ஏறத்தாழ 1070 மி.மீ. வழி வேண்டும் என்பது அமெரிக்க வடிவமைப்பாளர் வழக்கு. மாறாக, நீண்ட சுவரிலும் ஒரு குறுகிய சுவரிலும் மேடை திரும்பும் ‘எல்’ வடிவத்தில் 1840-க்கு 1530 மி.மீ. அளவுள்ள திறந்த தரை கிடைக்கிறது. இவ்வமைப்பில் நீண்ட சுவரின் ஒரு முனையில் குளிர்பதனப் பெட்டிக்கு 650 மி.மீ.யும், மறுமுனையில் மேடை திரும்பும் மூலைக்கு 600 மி.மீ.யும் போக, 1190 மி.மீ. எஞ்சுகிறது. அதில் அடுப்புக்குக் கீழே 900 மி.மீ. இழுப்பறைத் தொகுதியும், எண்ணெய்ப் புட்டிகளுக்கான 200 மி.மீ. இழுவைத் தட்டும், மூலையில் 50 மி.மீ. நிரப்புப் பட்டையும் அடங்குகின்றன. நிரப்புப் பட்டை என்பது இரு வரிசைகள் சந்திக்கும் மூலையில் வைக்கப்படும் குறுகிய மரப்பட்டை. அது இல்லாவிட்டால் ஒரு பக்கத்து இழுப்பறை மறுபக்கத்துக் கைப்பிடியில் இடித்து நின்றுவிடும். ஆனால் இதே அமைப்பில் குளிர்பதனப் பெட்டியின் கதவு முழுதாகத் திறக்கும்போது அதன் முனை எதிர்ச்சுவரிலிருந்து 830 மி.மீ. தொலைவு வரை வந்துவிடுவதால், அறைக்கதவு உட்புறம் திறப்பதாயின் இரண்டும் மோதும் நிலை வரலாம். மென்பொருளின் கோட்டுக் கருவியால் பெட்டிக்கதவின் வில்லையும் கையாலே வரைந்து வைத்தால் மட்டுமே இது கண்ணுக்குப் புலப்படும். திறந்த இழுப்பறைகளையும் இவ்வாறே தனிப் பெட்டி வடிவங்களாக வைத்து, பொருள் பட்டியலில் உள்ள தெரிவுக் கட்டத்தால் வேண்டும்போது காட்டியும் மறைத்தும் வைக்கலாம்.

எரிவாயு உருளை பட்டியலில் இல்லாததால் அதற்கு உருளை வடிவத்தையே பயன்படுத்த வேண்டும். 14.2 கிலோ உருளையின் விட்டம் ஏறக்குறைய 320 மி.மீ.; அது நிமிர்ந்து நிற்க வேண்டும், அடுப்பு அதைவிட உயரத்தில் இருக்க வேண்டும், ரப்பர் குழாய் 1.5 மீட்டருக்கு மிகாமல், இடையில் ஒட்டின்றி இருக்க வேண்டும் என்பவை பாதுகாப்பு நெறிகள். ஆகவே உருளையின் இடம் அடுப்பின் இடத்தைக் கட்டுப்படுத்துகிறது. படத்தில் உருளையை மையமாகக் கொண்டு ஒரு வட்டம் வரைந்து, குழாய் வளைந்து செல்லும் நீளத்தையும் கருதியபின் அடுப்பை நிறுத்துவதே முறை. உருளை நிற்கும் அலமாரிக்குக் காற்றோட்டத் துளைகள் வேண்டும் என்பதைப் படத்திலேயே குறிப்பாக எழுதிவைப்பது நல்லது. தச்சர்களிடம் வாய்மொழியாகச் சொல்லப்படும் இத்தகைய செய்திகள்தாம் முதலில் விட்டுப்போகின்றன.

முப்பரிமாணக் காட்சிக்கு ஒரு சிறந்த பயன் உண்டு. அறைக்குள் உலவிப் பார்க்கும் முறையில் பார்வையாளரின் கண் உயரத்தை மாற்றலாம். நாள்தோறும் சமைப்பவர் 150 செ.மீ. உயரமானவர் என்றால் அவ்வுயரத்துக்கேற்ப அமைத்துப் பார்க்கும்போது, மேல் அலமாரியின் இரண்டாம் தட்டு கண்ணுக்கே எட்டாதது உடனே தெரிகிறது. கை எட்டுமா என்பதையும், பத்துக் கிலோவுக்கு மேல் எடையுள்ள கிரைண்டரைக் கீழ்த்தட்டிலிருந்து தூக்க முடியுமா என்பதையும் எந்தத் திரையும் காட்டாது. அவற்றைச் சமைப்பவரிடமே கேட்க வேண்டும்.

மின் இணைப்புகளுக்கெனத் தனி வசதி இல்லையெனினும், அதே உயரத்தில் இன்னொரு தளத்தைச் சேர்க்கும் கட்டளையை மேலடுக்காகப் பயன்படுத்தி, மைக்ரோவேவ், இண்டக்‌ஷன் அடுப்பு போன்றவற்றுக்கான 16 ஆம்பியர் பிளக்குகளையும், மிக்ஸிக்குரிய 6 ஆம்பியர் பிளக்குகளையும் தரையிலிருந்து அவற்றின் உயரத்துடன் குறிக்கலாம். ஒளியும் நிழலும் சேர்ந்த புகைப்பட வடிவப் படத்தை உருவாக்கப் பழைய கணினிகளில் நெடுநேரம் ஆகும். வேலைக்கு அது தேவையுமில்லை. தேவையானது, தேர்ந்தெடுத்த அளவுகோலில் அச்சிடப்படும் தரைப்படமும், ஒவ்வொரு பெட்டியின் அளவையும் தரும் பொருள் பட்டியலும் ஆகும். பிளைவுட் பலகையை எப்படி வெட்டுவது என்ற கணக்கை மென்பொருள் தருவதில்லை. அதைத் தச்சர் இப்பட்டியலிலிருந்து கணித்துக்கொள்வார், பலகை வாங்குமுன் அறையை அவரும் ஒருமுறை நேரில் அளந்தாக வேண்டும்.