ஷானிதார்க் குகை: மலரும் எலும்பும்

சில நூல்களின் பெயரே அவற்றின் முடிவைக் கூறிவிடும். அமெரிக்கத் தொல்பொருள் அறிஞர் ரால்ஃப் சொலெக்கி 1971இல் வெளியிட்ட 'ஷானிதார்: முதல் மலர் மாந்தர்' என்னும் ஆங்கில நூல் அத்தகையது. வட ஈராக்கின் மலைக்குகை ஒன்றில் 1951 முதல் 1960 வரை அவர் நடத்திய அகழ்வாய்வை அது விரித்துரைக்கின்றது. கடைசிப் பனிக்காலத்தில் வாழ்ந்த நியாண்டர்தால் மாந்தரின் எலும்புக்கூடுகள் பல அங்குக் கிடைத்தன.

அவற்றுள் நான்காவது உடலைச் சூழ்ந்திருந்த மண்ணைப் பிரெஞ்சு அறிஞர் ஆர்லெத் லெருவா-குரான் ஆராய்ந்தார். அதில் பூந்தாது கொத்துக் கொத்தாய்க் காணப்பட்டது. இறந்தவனை மலர்மீது கிடத்திப் புதைத்தனர் என்று சொலெக்கி முடிவு செய்தார். காற்று பூந்தாதைத் தூவுமேயன்றிக் கொத்தாகக் கொண்டுவருதல் அரிது. ஆதலின் அம்முடிவு வெறுங் கற்பனையன்று.

ஆயினும், கொத்தாக வருவதற்கு வேறு வழி உண்டோ என வினவுதல் திறனாய்வின் கடமையாகும். அக்குகை மண்ணில் வளை தோண்டி வாழும் ஒருவகை எலி, பூக்களை வளைக்குள் சேர்த்து வைக்கும் இயல்புடையது என்பதை 1999இல் ஓர் ஆய்வாளர் எடுத்துக்காட்டினார். 2023இல் வெளிவந்த ஆய்வு, மண்ணில் கூடமைக்கும் தேனீக்களைச் சுட்டியது. வெவ்வேறு பருவத்தில் மலரும் செடிகளின் தாது கலந்திருத்தல், ஒரே நாளில் பறித்த மலர்களை வைத்தனர் என்பதற்குப் பொருந்தாது.

மலர் ஐயத்திற்குரியதாயின், புதைத்ததும் பொய்யோ எனில், அவ்வாறு கொள்ளவேண்டுவதில்லை. 2018இல் அவ்விடத்தருகே மற்றோர் உடலின் எலும்புகள் வெளிப்பட்டன. அவ்வுடல் வேண்டுமென்றே அங்குக் கிடத்தப்பெற்றது என்றே அகழ்ந்தோர் கருதுகின்றனர்.

நூலின் குறை யாதெனில், வலிமை குன்றிய சான்றைத் தலைப்பில் ஏற்றியதேயாம். வலிமைமிக்க சான்று அந்நூலிலேயே உள்ளது. ஷானிதாரின் முதல் எலும்புக்கூடு, நாற்பது வயதளவில் இறந்த ஓர் ஆண்மகனுடையது. இடக்கண்ணருகே எலும்பு நொறுங்கியிருந்தது. வலக்கை சூம்பி, முழங்கைக்குக் கீழ்ப்பகுதி இல்லை. இக்காயங்கள் ஆறியபின் அவன் பல்லாண்டு வாழ்ந்தான் என்பதை எலும்பே உரைக்கின்றது. வேட்டையாடிப் பிழைத்த கூட்டத்தில் அத்தகையவன் பிறர் துணையின்றி வாழ்ந்திருத்தல் அரிதன்றோ?

மாணவர்க்கு ஷானிதாரைப் பற்றிக் கூறும் ஆசிரியர் முதலில் அவ்வெலும்பைக் குறித்துக் கூறுக. மலர்க்கதையைச் சொல்லுங்கால், அதன் ஐயத்தையும் உடன் சொல்லுக.