தபால்காரர் கொண்டுவந்த எழுத்து

என் மகளுக்கு எழுதக் கற்றுக்கொடுத்தது யார் என்று யார் கேட்டாலும் எங்கள் தெருத் தபால்காரரைத்தான் கை காட்டுவேன். அவருக்கே அது தெரியாது. ஐம்பது காசு அஞ்சலட்டை ஒன்றை வாசலில் நீட்டி, "அம்மிணி, உனக்குத்தான் கடுதாசி வந்திருக்குது" என்றார். அவ்வளவுதான். எழுத்து எதற்கு இருக்கிறது என்பது அந்த நொடியில் அவளுக்கு விளங்கிவிட்டது. அனுப்பியவர் திருநெல்வேலியில் இருக்கும் என் அப்பா. அதுவரை சுவரிலும் தரையிலும் சுழித்துக்கொண்டிருந்தவள், அன்று மத்தியானமே "தாத்தாவுக்குப் பதில் போடணும்" என்று உட்கார்ந்துவிட்டாள். பாதி எழுத்துகள் தெரியாது. தெரியாததைக் கேட்டாள், கேட்டதை மட்டும் காட்டினேன். எழுதி முடித்தாள்! எந்தப் பாடப்புத்தகத்தாலும் அப்படி ஒரு அவசரத்தை ஒரு பிள்ளைக்குள் உண்டாக்க முடியாது.

எங்கள் வீட்டில் இரண்டு பிள்ளைகள். இருவரும் பள்ளிக்கூடம் போனதில்லை. வீட்டையும் பள்ளிக்கூடமாக மாற்றவில்லை. கரும்பலகை, நேரப்பட்டியல், வீட்டுப்பாடம் எதுவும் கிடையாது. காகிதம், பென்சில், புத்தகங்கள், கேட்டால் பதில் சொல்ல ஆட்கள், வெளியே போகக் கோயம்புத்தூர் முழுவதும், இவ்வளவுதான் ஏற்பாடு. இதற்கு 'அன்ஸ்கூலிங்' என்று பெயர் வைத்தவர் ஜான் ஹோல்ட் என்ற அமெரிக்க ஆசிரியர். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளோடு இருந்த காலத்தில், அவர்கள் ஏன் தோற்கிறார்கள் என்று குறிப்பெடுத்து 1964இல் ஒரு புத்தகம் எழுதினார். 1977இல் 'குரோயிங் வித்தவுட் ஸ்கூலிங்' என்ற இதழைத் தொடங்கினார். அந்த இதழில் எனக்கு மிகவும் பிடித்தது, அதன் பக்கங்களைப் பெரும்பாலும் நிரப்பியவை பெற்றோர் எழுதிய கடிதங்கள் என்பதுதான். யாரும் கேட்காதபோது சொல்லிக்கொடுக்கப் போகாதீர்கள் என்பது ஹோல்ட் கடைசிவரை விடாமல் சொன்ன விஷயம். கடைப்பிடித்துப் பாருங்கள், அதன் பலன் மலைக்க வைக்கும்.

அப்பாவின் அஞ்சலட்டைகளுக்கு வருகிறேன். ஒருமுறை மகள் "நேத்து இங்க நல்ல மளை" என்று எழுதிவிட்டாள். நான் அதைத் தொடவில்லை. அட்டை அப்படியே போனது. வந்த பதிலில் அப்பா, "இங்கேயும் மழைதான் செல்லம். மழை விட்டதும் தாமிரபரணியைப் பார்த்துவிட்டு வந்தேன்" என்று எழுதியிருந்தார். பிழை என்று ஒரு வார்த்தை இல்லை, சிவப்பு மை இல்லை. அடுத்து இவள் எழுதிய அட்டையில் மழை சரியாகப் பெய்திருந்தது. என்ன அழகான திருத்தம் பாருங்கள்! பேசப் பழகும் குழந்தை "தண்ணி" என்பதைத் "தன்னி" என்று சொன்னால் நாம் நிறுத்தித் திருத்துகிறோமா? "தண்ணி வேணுமா, இந்தா" என்று கொடுக்கிறோம். குழந்தை தானே திருந்திக்கொள்கிறது. எழுத்துக்கும் இதே வழிதான் என்று என் அப்பா எந்தப் புத்தகமும் படிக்காமல் தெரிந்துவைத்திருந்தார். கொஞ்ச நாளில் அவருடைய தோரணையே இவளுக்கு வந்துவிட்டது. அட்டையின் தலையில் "நலம். நலமறிய ஆவல்" என்று எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே பூனை குட்டி போட்ட சேதியைச் சொல்வாள். கடிதம் எழுதும் முறை என்று ஒரு பாடம் இருக்கிறதே, அது இந்த வீட்டில் இப்படித்தான் நடந்தது.

எழுத்துகள் எங்கிருந்து வந்தன என்று கேட்பீர்கள். பேருந்திலிருந்து வந்தன! அ, ஆ என்று வரிசையாக எதுவும் நடக்கவில்லை. எந்தப் பேருந்தில் ஏற வேண்டும் என்பதைத் தானே கண்டுபிடித்து என்னிடம் சொல்வதில் அவளுக்கு அப்படி ஒரு ஆசை. உக்கடம், காந்திபுரம், சிங்காநல்லூர் என்ற பலகைகள்தான் அவளுடைய அரிச்சுவடி. உக்கடத்தில் 'க' இரண்டு தடவை வருகிறதே, ஒன்றுக்கு மட்டும் ஏன் தலையில் புள்ளி என்று ஒருநாள் நிறுத்தத்தில் நின்றுகொண்டு கேட்டாள். இரண்டையும் வாயால் சொல்லிப் பார் என்றேன். சொல்லிப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. மெய்யெழுத்து அங்கேயே, பேருந்து வருவதற்குள் முடிந்தது. அதற்குப் பிறகு நகைக்கடைப் பலகை, சுவரொட்டி, மருந்துச்சீட்டு என்று எதையும் விட்டுவைக்கவில்லை.

இதையெல்லாம் எண்ணும்போது கிளெண்டா பிசெக்ஸ் என்ற அமெரிக்கத் தாயின் புத்தகம் நினைவுக்கு வரும். தன் மகன் எழுதக் கற்ற கதையை அவர் 1980இல் வெளியிட்டார். பையனுக்கு அப்போது ஐந்து வயது. அம்மா புத்தகத்தில் மூழ்கியிருக்கிறார், கூப்பிட்டால் திரும்பவில்லை. பையன் விளையாட்டு ரப்பர் அச்சுகளால் ஒரு காகிதத்தில் ஆர், யூ, டி, எஃப் என்று நான்கே எழுத்துகளைப் பதித்து நீட்டுகிறான். உனக்குக் காது கேட்காதா என்று கேட்கிறான்! குரல் போய்ச் சேராத இடத்துக்கு எழுத்து போய்ச் சேர்ந்தது. அம்மாவும் புத்தகத்தை மூடிவிட்டுத் திரும்பினார். எழுதுவதற்குத் தேவை, சொல்ல ஒரு சேதியும் அதைக் கேட்டே ஆகவேண்டிய ஒரு ஆளும். இந்த இரண்டும் இருந்தால் பிள்ளை எழுத்தை எங்கிருந்தாவது பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். இதை எத்தனை பேரிடம் சொன்னாலும் எனக்கு அலுக்கவில்லை.

நம் மண்ணில் இதற்குச் சாட்சி தேடி அலையவே வேண்டாம். இடைசெவலில் 1923இல் பிறந்த எழுத்தாளர் கி. ராஜநாராயணன் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். அதே ஊர்க்காரரான கு. அழகிரிசாமி அவருக்கு எழுதிய கடிதங்கள் புத்தகமாகவே வந்திருக்கின்றன, எப்பேர்ப்பட்ட கடிதங்கள்! அப்படி ஒரு நண்பன் பதிலுக்குக் காத்திருந்தால் யாருக்குத்தான் பேனா ஓடாது? கரிசல் மக்களின் பேச்சையே எழுத்தாக்கிய கி.ரா., வட்டார வழக்குக்கு அகராதி தொகுத்தார், புதுவைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக அமர்ந்தார், 1991இல் சாகித்திய அகாதெமி விருதும் பெற்றார். கடலூரில் 1934இல் பிறந்த ஜெயகாந்தன் ஐந்தாம் வகுப்போடு நின்றுகொண்டார். கம்யூனிஸ்ட் கட்சி அலுவலகத்தில், ஜீவா போன்ற பெரியவர்களின் பேச்சைக் கேட்டு வளர்ந்தார். அச்சகத்தில் வேலை பார்த்தார், தெருவில் பத்திரிகை விற்றார். 2002ஆம் ஆண்டுக்கான ஞானபீடம் அவருக்குத்தான். மேடையில் அவருக்கு இருந்த துணிச்சலைப் பற்றித் தமிழர்களுக்கு நான் சொல்லவும் வேண்டுமா? பெரியவர்கள் கூடிப் பேசும் இடத்தில், தன் பேச்சுக்கும் காது கிடைக்கும் என்று தெரிந்து வளர்ந்த பிள்ளையின் துணிச்சல் அது.

என் மகன் வேறு மாதிரி. அக்கா எழுதுவதை எட்டிப் பார்ப்பான், போய்விடுவான். எட்டு வயதுவரை எழுத்தின் பக்கமே தலைவைக்கவில்லை. சொந்தக்காரர்களுக்கெல்லாம் கவலை. எனக்கோ பீட்டர் கிரே என்ற உளவியலாளர் பெரிய துணை. பள்ளிக்குப் போகாத பிள்ளைகள் எப்போது வாசிக்கத் தொடங்கினார்கள் என்று பெற்றோர் அனுப்பிய விவரங்களை அவர் தொகுத்திருக்கிறார். நான்கு வயதில் வாசித்த பிள்ளையும் அதில் உண்டு, பதினொன்றில் வாசித்த பிள்ளையும் உண்டு. ஜீனா ரைலியோடு சேர்ந்து 232 குடும்பங்களிடம் கேட்டு 2013இல் அவர் வெளியிட்ட ஆய்வு இன்னும் சுவாரசியம். அதிகம் பேர் சொன்ன சிரமம் பிள்ளைகளைப் பற்றியதே அல்ல. உறவும் ஊரும் கேட்கும் கேள்விகளைச் சமாளிப்பதுதானாம்! படித்ததும் எழுந்து நின்று கை தட்டினேன்.

மகனுக்கு எழுத்து கிரிக்கெட்டில் வந்தது. தெரு மேட்சில் ரன் கணக்கில் தினமும் சண்டை. ஒருநாள் செங்கல் துண்டை எடுத்துக் காம்பவுண்ட் சுவரில் கோடு போடத் தொடங்கினான். யார் எத்தனை ரன் என்றால் பெயர் வேண்டும். பெயர் என்றால் எழுத்து வேண்டும். பையன்கள் தங்கள் பெயரைத் தப்பாக எழுத விடுவார்களா? "டேய், எனக்கு பெரிய 'ற' இல்லடா, சின்ன 'ர'!" என்று ஆளாளுக்குத் திருத்தினார்கள். பதினோரு வாத்தியார்கள், ஒரு மாணவன், அடி உதை இல்லை. சுவர் நிரம்பியபோது நோட்டுப் புத்தகம் கேட்டான். அந்த நோட்டில் இப்போது ரன் மட்டும் இல்லை, "இன்னிக்கு பந்து சாக்கடையில் விழுந்தது, யாரும் எடுக்கலை" என்பது மாதிரி வர்ணனையும் இருக்கிறது. ஒவ்வொரு வரியும் அவனுடையது. வாசிக்கும்போதெல்லாம் நெஞ்சு விம்முகிறது.

"அதெல்லாம் சரிங்க, நாலு பேரோட பழகத் தெரியுமா?" இதுதான் அடுத்த கேள்வி, எப்போதும். வகுப்பறையில் கிடைக்கும் அந்த நாலு பேரும் ஒரே வருஷத்தில் பிறந்தவர்கள். அப்படி ஒரு கூட்டத்தை வகுப்பறைக்கு வெளியே வாழ்க்கையில் வேறெங்கே பார்க்கிறோம்? என் பிள்ளைகளின் நாலு பேர் வேறு. ஆர்.எஸ். புரம் உழவர் சந்தையில் கீரை விற்கும் பாட்டி, "கண்ணு, இவங்களுக்கு மீதி எவ்வளவு, பாத்துச் சொல்லு" என்று மகளிடம் கேட்பார். சொன்னால் ஒரு கொத்து கறிவேப்பிலை கிடைக்கும். மகன் சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டுவதைப் பார்த்துக்கொண்டு மணிக்கணக்கில் குந்தியிருப்பான். கிளை நூலகத்தில் உறுப்பினர் படிவத்தை மகளே நிரப்பினாள். வாண்டுமாமா புத்தகம் எந்த அலமாரியில் என்று நூலகரிடம் அவளே கேட்டாள். நான் வாசல் பக்கம் நின்று பூரித்துக்கொண்டிருந்தேன்.

துணிச்சல் என்றால் சத்தமாகப் பேசுவது என்று நினைக்கிறார்கள். என் மகன் அதிகம் பேசமாட்டான். ஆனால் "எனக்குத் தெரியலைங்ணா, சொல்லிக்குடுங்க" என்று யாரிடம் வேண்டுமானாலும் கேட்பான், கூச்சமே இல்லாமல். தெரியாது என்று சொன்னதற்காக அவனைப் பார்த்து யாரும் சிரித்ததில்லை, மதிப்பெண் குறைத்ததில்லை. ஆகவே தெரியாமல் இருப்பது வெட்கக்கேடு என்ற எண்ணமே அவனுக்குள் நுழையவில்லை. எனக்கு இதுதான் பெரிய பொக்கிஷம். நன்றாகப் படித்த பெரியவர்களே கூட்டத்தில் கேள்வி கேட்கத் தயங்கி உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறோம் அல்லவா?

எங்களைப் போன்ற குடும்பங்கள் சில, பூங்காவில் கூடுவதுண்டு. தத்தி நடக்கும் குழந்தையிலிருந்து மீசை அரும்பிய பையன்வரை ஒரே ஆட்டத்தில் இருப்பார்கள். சின்னதுகளை ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்வார்கள். அவுட் ஆனாலும் அவுட் இல்லை. இந்த விதியை யாரும் எழுதிவைக்கவில்லை, நம் தெருக்களில் தலைமுறை தலைமுறையாக வருவது. பெரியவன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளப் பழகுகிறான், சின்னவன் பெரியவனைப் பார்த்துப் பழகுகிறான். அமெரிக்காவின் ஃபிரேமிங்காமில் 1968இல் தொடங்கிய சட்பரி வேலிப் பள்ளியில் வகுப்புகளாகப் பிரிக்காமல் நான்கு வயதிலிருந்தே பிள்ளைகளைக் கலந்து விட்டிருக்கிறார்கள். பல வயதுகளின் கலப்புதான் அங்கே கற்றலின் உயிர்நாடி என்று கிரே சொல்கிறார். எங்கள் பூங்காவில் நான் கண்ணால் பார்ப்பதும் அதையேதான்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். காமராஜர் மதிய உணவு போட்டுத் திறந்துவிட்ட பள்ளிகளால்தான் எத்தனையோ வீடுகளில் முதல் எழுத்து நுழைந்தது; அந்த வாசலைக் கும்பிடுகிறவள் நான். வீட்டில் ஒரு பெரியவருக்காவது நேரமும் பொறுமையும் இல்லாவிட்டால் இந்த வழி பிள்ளைக்கு நல்லதல்ல. சும்மா விட்டுவிடுவது வேறு, கூடவே இருந்து கேட்டதைக் கொடுப்பது வேறு. சான்றிதழ் பற்றிய பயமும் வேண்டாம்: பதினான்கு வயது நிறைந்தால் தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் வழியாகப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம்.

இப்போது மகள் கையெழுத்துப் பத்திரிகை நடத்துகிறாள்! பள்ளிக்கூடம் போகும் தெருப் பிள்ளைகளும் சாயங்காலம் வந்து சேர்ந்துகொள்கிறார்கள். ஒருத்தி படம் போடுகிறாள், தம்பி விளையாட்டுப் பக்கம், ஒரு பையன் விடுகதை. பிரதி ஒன்றே ஒன்று. வீடு வீடாகச் சுற்றிவிட்டுத் திரும்பி வரும், ஓரங்களில் அக்கம்பக்கத்து மாமிகளின் பாராட்டோடும் திருத்தத்தோடும். தாத்தா திருநெல்வேலியிலிருந்து தொடர்கதை அனுப்புகிறார். தாமதமானால் ஆசிரியரிடமிருந்து கண்டிப்பான அஞ்சலட்டை போகிறது. அடுத்த இதழில் தெருமுனையில் இஸ்திரி போடும் அண்ணனின் பேட்டி. கேள்விகளை எழுதிக்கொண்டு போய்த் தேதி கேட்டிருக்கிறாள். "காலைல துணி நெறைய வரும் அம்மிணி, சனிக்கெழம நாலு மணிக்கு மேல வா, நெதானமாப் பேசலாம்" என்றாராம். சனிக்கிழமை சாயங்காலம் வேறு எந்த வேலையும் வைக்கக்கூடாது என்று எங்களுக்கு உத்தரவு.