முதல் ஆண்டோடு நின்றுவிடும் அளவுகோல்

அமெரிக்காவில் குழந்தைகளுக்குச் செய்யப்படும் இதய மாற்றுச் சிகிச்சையைக் குறை சொல்ல வருபவர், முதலில் அதன் சாதனையை ஒப்புக்கொண்டாக வேண்டும். 1967 டிசம்பரில், கேப் டவுனில் பர்னார்ட் செய்த, மனிதரிடமிருந்து மனிதருக்கு இதயம் மாற்றிய முதல் அறுவைக்கு மூன்று நாள் கழித்து, புரூக்ளினில் அறுவை மருத்துவர் ஏட்ரியன் கான்ட்ரோவிட்ஸ் ஒரு பச்சிளங்குழந்தைக்கு இதயம் மாற்றினார். குழந்தை சில மணி நேரமே பிழைத்திருந்தது. இன்றோ, கைக்குழந்தையாக இதயம் பெறுபவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இருபது ஆண்டுகளைத் தாண்டுகிறார்கள். உறுப்புப் பங்கீட்டு விதியிலும் இனத்துக்கு இடமில்லை. நோயின் தீவிரம், இரத்த வகை, உடல் அளவு, தொலைவு, காத்திருந்த காலம் ஆகியவைதாம் வரிசையை முடிவு செய்கின்றன.

ஆனால் அந்த ஏற்பாடே சேர்த்துவைத்த தரவு வேறு கதை சொல்கிறது. தேசியப் பதிவேட்டை அலசி 2005இல் வெளியான ஓர் ஆய்வின்படி, கறுப்பினக் குழந்தைகளுக்குப் பொருத்தப்பட்ட இதயங்களில் பாதி, சுமார் 5 ஆண்டுகளில் பயனற்றுப் போயின. மற்றக் குழந்தைகளுக்கு அந்தக் காலம் 11 ஆண்டுகள். காப்பீடு, வருமானம், திசுப் பொருத்தம் எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தும் வித்தியாசம் மறையவில்லை. கதவு எல்லாருக்கும் ஒன்றுபோலத் திறந்தாலும், உள்ளே போன பிறகு பாதை பிரிந்துவிடுகிறது.

எங்கே பிரிகிறது? டாக்ரோலிமஸ் என்ற மருந்தைப் பாருங்கள். புதிய இதயத்தை உடல் நிராகரிக்காமல் தடுப்பது இதுதான். காலையும் இரவும் விழுங்க வேண்டும். பரிசோதனை நாளில் காலை வேளை மருந்தை நிறுத்திவைத்து, அதற்கு முன் இரத்தம் எடுத்து அளவு பார்ப்பார்கள். இந்த மருந்தை வேகமாகச் சிதைக்கும் மரபணு வகை, ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் ஐரோப்பிய வம்சாவளியினரைவிட மிக அதிகம். அப்படிப்பட்டவருக்குத் தொடக்க அளவையே ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டு மடங்கு வரை கூட்டவேண்டும் என்று மருந்தியல் வழிகாட்டுதல் சொல்கிறது. மரபணுவைப் பார்க்காமல் வழக்கமான அளவைக் கொடுத்தால், ஒரு வேளையும் தவறவிடாத பிள்ளைக்கும் முடிவு குறைவாகவே வரும். அதைப் படிக்கும் கண்ணுக்கு முதலில் தோன்றுவது என்ன? ‘வீட்டில் ஒழுங்காகக் கொடுக்கவில்லை’ என்பதுதானே.

வளரிளம் வயதில் மருந்தைத் தவறவிடுவது நிஜமான சிக்கல்தான். அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் கோப்பில் ஏறிய அந்தச் சந்தேகம், இரண்டாவது இதயம் கேட்கும் நாளில் முன்னே வந்து நிற்கிறது.

மறுமாற்று பற்றி எனக்கு இரட்டை மனம். பொருத்திய இதயத்தின் குழாய்கள் மெல்ல மெல்லச் சுருங்கி அடைபடும் நோய்க்கு, முற்றினால், வேறு தீர்வு இல்லை. கைக்குழந்தைக்கு இதயம் பொருத்தும்போதே, அது வாழ்நாள் முழுக்க வராது என்பது மருத்துவருக்குத் தெரியும். அப்படியிருக்க, இரண்டாவதற்கு வழியே இல்லை என்பது அறமாகாது. மறுபக்கம், இரண்டாம் இதயத்தின் ஆயுள் பொதுவாக முதலாவதைவிடக் குறைவு. முதல் மாற்றுக்குப் பின் ஆறு மாதத்துக்குள், கடும் நிராகரிப்பின் நடுவே செய்தால் பலன் மிக மோசம். அந்த நிலையில் செய்ய வேண்டாம் என்ற நிபுணர் கருத்து சரியானதே. முதல் இதயத்தால் உண்டான எதிர்ப்பொருள்கள் பொருத்தமான கொடையாளியைத் தேடுவதையும் கடினமாக்குகின்றன. அதற்குள் ஓர் இதயம்கூடக் கிடைக்காத குழந்தைகள் வரிசையிலேயே இறக்கிறார்கள்.

ஆக, தேர்வு செய்துதான் ஆகவேண்டும். எனக்குள்ள ஆட்சேபம், ‘மருந்து ஒழுங்கு’ என்பதை அந்தத் தேர்வில் குணநலச் சான்றிதழ்போலப் பயன்படுத்துவதன் மேல்தான். முதல் இதயம் சீக்கிரம் கெட்டதற்கு மருந்தளவு குறைந்ததும், மருத்துவமனை தொலைவில் இருந்ததும், 19 வயதில் மெடிக்கெய்ட் என்ற அரசுக் காப்பீட்டுக்கான தகுதி மாறியதும் காரணமாக இருந்திருக்கலாம். அந்தக் காரணங்களையே இரண்டாவது இதயத்தை மறுக்கும் சாட்சியாக்கினால், ஒரே குழந்தை இருமுறை தண்டிக்கப்படுகிறது.

இன வேறுபாட்டைக் களைய, சிறுநீரக மாற்றில் இதைவிட எளிதான வேலை இருந்தது. சிறுநீரகத்தின் செயல்திறனைக் கணக்கிடும் சூத்திரத்தில் கறுப்பினத்தவருக்கென்று ஒரு பெருக்கல் எண் இருந்தது. 2022இல் உறுப்புப் பங்கீட்டில் அதைப் பயன்படுத்தத் தடை வந்தது. இதயத்தில் அடித்துவிட அப்படியொரு வரி இல்லை. இங்கே வித்தியாசம் விளைவது வீட்டுக்கு அனுப்பிய பிறகு, ஆண்டுகள் ஓடும்போது. மாற்று மையங்களைக் கண்காணிக்கும் முக்கிய அளவுகோல்களோ முதல் 90 நாளையும் முதல் ஆண்டையும் பார்த்துவிட்டு நின்றுவிடுகின்றன. ஐந்தாம் ஆண்டில் இதயத்தை இழக்கும் பிள்ளை, அந்தக் கணக்கில் வெற்றியாகவே பதிவாகியிருக்கும்.