கத்தியின் முதுகு

கத்தி வாங்கும்போது நாம் என்னென்ன பார்க்கிறோம்? கட்டை விரலைக் குறுக்கே தடவிக் கூர் பார்க்கிறோம். பிடி ஆடுகிறதா என்று பார்க்கிறோம். விலையைக் கேட்டு, பாதிக்குக் கிடைக்குமா என்று பார்க்கிறோம். முதுகை யாரும் பார்ப்பதில்லை. தேங்காய் உடைக்க அரிவாளைத் திருப்பிப் பிடிக்கும்போதுதான் அதற்கு முதுகு என்று ஒன்று இருப்பதே ஞாபகத்துக்கு வருகிறது.

முதுகைப் பார்க்கச் சொல்லி ஒரு கத்தி என் மேஜைக்கு வந்தது. செய்தவர் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனியின் டூல் ரூமில் முப்பது வருஷமாக ஃபிட்டர். பொன்னேரிப் பக்கத்துக்காரர். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஆறு அங்குல அலகு, வேப்பங்கட்டைப் பிடி, பித்தளை ஆணி மூன்று. முதுகில், பிடியிலிருந்து நுனியை நோக்கி ஒரு கொடி ஓடுகிறது. வளைந்து வளைந்து, வளைவுக்கு ஒரு இலை. எல்லாமே அரம் போட்டு எடுத்தது.

“தேய்ஞ்சுபோன ஃபைல்ல செஞ்சது சார். தூக்கிப் போடறதைக் கேட்டு வாங்கினு வந்தேன்” என்றார்.

அரத்தால் கத்தி செய்து, அந்தக் கத்தியை அரத்தாலேயே அராவியிருக்கிறார். முள்ளை முள்ளால் எடுக்கிற கதைதான். அரம் என்பது கிட்டத்தட்ட ஒரு சதவிகிதமோ அதற்கு மேலோ கரி கலந்த, நன்றாகக் கடினப்படுத்தப்பட்ட எஃகு. அப்படியே இன்னொரு அரத்தை அதன்மேல் போட்டால் வழுக்கிக்கொண்டு போகும். அதைச் சிவக்கக் காய்ச்சி, சாம்பலில் புதைத்து, மெல்ல மெல்ல ஆறவிட்டால் இளகிவிடும். அந்த இளகிய நேரத்தில்தான் எல்லா வேலைப்பாடும். அப்புறம் மறுபடி சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கினால் இறுகிவிடும். அதன்பிறகு நீங்கள் நினைத்தாலும் ஒரு கோடு போட முடியாது. இறுகினது அளவோடு இறுக, இன்னொரு முறை லேசாகச் சூடு காட்டுவார்கள். இல்லாவிட்டால் கீழே விழுந்ததும் கண்ணாடி மாதிரி உடையும்.

என் மனைவி கத்தியை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: “இந்த இடுக்குல வெங்காயத் தோல் போய் மாட்டிக்கிட்டா எப்படிக் கழுவறது?”

இந்தக் கலையைப் பற்றி இதைவிடக் கச்சிதமான விமர்சனம் இருக்க முடியாது. இத்துடன் கட்டுரையை முடித்துவிடலாம். ஆனால் பக்கம் மீதி இருக்கிறது. எனக்கும் அந்தக் கேள்விக்கு பதில் சொல்லியாக வேண்டும்.

முதலில் அரத்தைப் பற்றி. வள்ளுவர் குறைந்தது மூன்று இடங்களில் அரத்தை எடுக்கிறார். 567ஆம் குறளில் அது அரசனின் வலிமையைத் தேய்க்கிறது. 888இல், உட்பகை வந்த குடி அரத்தால் அராவிய பொன் மாதிரி தேய்கிறது. 997இல், பண்பில்லாதவனுடைய அறிவுக் கூர்மைக்கு அது உவமை. மூன்றிலும் அரம் கொஞ்சம் வில்லன்தான். தேய்க்கும், குறைக்கும், அறுக்கும். அரத்தால் ஒன்றை அழகாக்கவும் முடியும் என்பது அந்த மூன்றிலும் இல்லை. அது கொல்லனுக்கு மட்டும் தெரிந்த ரகசியம்.

ஆயுதத்துக்கு அலங்காரம் தேவையா என்ற கேள்வியை அதற்கு முன்பே ஒரு அம்மா கேட்டுவிட்டார். அதுவும் இதே தொண்டை மண்டலத்தில். புறநானூறு 95ஆம் பாட்டு. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன அவ்வை, அவனுடைய ஆயுதசாலையைப் பார்க்கிறார். மயில் பீலி கட்டி, மாலை சூட்டி, காம்பெல்லாம் திருத்தமாகச் செய்து, நெய் பூசிக் காவலோடு வைத்திருக்கிறான். ஆகா, பிரமாதம் என்கிற மாதிரி ஆரம்பித்துவிட்டு, எங்கள் ஆளுடைய வேலெல்லாம் நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கிறது என்று முடிக்கிறார். தொண்டைமானுக்குப் புரிந்திருக்கும். தமிழில் எழுதப்பட்ட ஆகச் சிறந்த கண்காட்சி விமர்சனம் இதுதான் என்பேன்.

அவ்வை கட்சிதான் பொதுவாக நம் கட்சி. வேலை செய்கிற பொருளுக்குப் பூ எதற்கு? அதனால்தான் மிக்ஸியின்மேல் பூ ஸ்டிக்கர் ஒட்டினால் எனக்கு எரிச்சல் வருகிறது. ஆனால் அந்தப் பாட்டை மறுபடி படித்தபோது ஒன்று கவனித்தேன். பீலியும் மாலையும் வெளியிலிருந்து கொண்டுவந்து வேலுக்குச் சூட்டியவை. சாயங்காலம் கழற்றிவிடலாம். அது அரண்மனைக்காரன் செய்த அலங்காரம். கத்தி முதுகில் ஓடுகிற கொடியைச் சூட்டவும் முடியாது, கழற்றவும் முடியாது. அது அதியமான் வேல் கிடந்த அதே பட்டறையில், கொல்லன் கையாலேயே நடக்கிற காரியம். இரண்டையும் ஒரே பெயரால் அலங்காரம் என்று சொல்லிவிடுகிறோம். அங்கேதான் குழப்பம்.

அந்தப் பட்டறை அலங்காரம் எந்த உயரத்துக்குப் போயிருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் எழும்பூர் மியூசியத்தில் தஞ்சாவூர் அரண்மனை ஆயுதங்களைப் போய்ப் பாருங்கள். முக்கியமாகக் கட்டாரிகள். கைப்பிடியைக் குறுக்கே பிடித்துக் குத்துகிற ரகம். கையை மறைக்கிற தகடு இலை மாதிரி விரிந்திருக்கும். அதில் துளையிட்டு, அறுத்து, அராவி, இரும்பை ஜரிகைத் துணி ஆக்கியிருக்கிறார்கள். யாளி வாய் பிளக்கிறது. இரும்பு என்று சத்தியம் செய்தால்தான் நம்புவீர்கள். விஜயநகரத்துச் சாயல் இருக்கிற வேலை.

இதில் ஒரு வேடிக்கை. இந்தக் கட்டாரிகளில் பலவற்றுக்கு அலகு மட்டும் ஐரோப்பாவிலிருந்து வந்தது. கப்பலில் வந்த வாளை வெட்டி இங்கே பிடியோடு தறைந்திருக்கிறார்கள். குத்துகிற பகுதி சீமை, வேலைப்பாடு தஞ்சாவூர். தென்னிந்திய உருக்கு உலகம் முழுக்க விலைபோன காலத்தில் நம் ராஜாக்களுக்கு ஃபாரின் சரக்கு மோகம். சரி, அது வேறு கதை.

1855இல் தஞ்சை மன்னர் சிவாஜி ஆண் வாரிசில்லாமல் இறந்தார். கம்பெனி ராஜ்யத்தை எடுத்துக்கொண்டது. 1860களில் ஆயுதசாலை கலைந்தது. நல்லது என்று பட்டதை மியூசியத்துக்குப் பொறுக்கிக்கொண்டு, மிச்சத்தில் பெரும்பகுதியை உடைத்துப் பழைய இரும்பாக்கினார்கள். தப்பித்ததில் சில கடல் தாண்டின. நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூசியத்தில் ஜார்ஜ் ஸ்டோன் என்ற சேகரிப்பாளர் 1935இல் விட்டுப்போன தொகுப்பில் தென்னிந்தியக் கட்டாரிகள் உண்டு. மற்றதெல்லாம் எடைக்கு. அந்தத் துளைத்தகட்டுக்குள் ஒரு மனிதன் எத்தனை மாசம் உட்கார்ந்திருந்தான் என்பது தராசில் ஏறாது. கும்மிடிப்பூண்டியில் இன்றைக்கும் லாரி லாரியாகப் பழைய இரும்பு வந்து உருகிக் கட்டடக் கம்பியாகப் போகிறது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு இந்த ஞாபகம்.

நண்பர் கத்திக்கு வருகிறேன். “குறை சொல்லுங்க சார், நல்லாருக்குதுன்னு எல்லாரும் சொல்லிட்டாங்க” என்று அவரே கேட்டதால் சொல்கிறேன்.

இந்தக் கொடியை எப்படி எடுப்பது என்றால், முதுகின் ஒரு விளிம்பில் சம இடைவெளியில் உருண்டை அரத்தால் அரைவட்டங்கள். எதிர் விளிம்பில், இந்த அரைவட்டங்களுக்கு நடுநடுவே வருகிற மாதிரி இன்னொரு வரிசை. இரண்டுக்கும் இடையில் வெட்டுப்படாமல் மிஞ்சுவது தானாகவே வளைந்த கொடியாகிவிடுகிறது. முக்கோண அரத்தால் ஒரு சாய்வெட்டுப் போட்டால் இலை பிரிகிறது. இவ்வளவுதான். ஆனால் ஒரு வெட்டு கால் மில்லி ஆழமாகப் போய்விட்டால் திரும்ப ஒட்ட முடியாது. மற்ற எல்லா வெட்டையும் அதற்குச் சமமாக ஆழப்படுத்தியாக வேண்டும். எழுத்தில் அடித்துத் திருத்தலாம். இதில் ஒரு தப்பை மறைக்க நாற்பது தப்பு செய்ய வேண்டும்.

நண்பர் கை அபாரமானது. பிடிக்குப் பக்கத்திலிருந்து முதல் மூன்று அங்குலம் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். அளவெடுத்த மாதிரி இருக்கிறது, ஆனால் மெஷின் போட்ட மாதிரி இல்லை. வெட்டின் அடிப்பகுதி எல்லாம் உருண்டை. ஆழத்தில் கூர்மையான மூலை விட்டால் எண்ணெயில் முக்கும்போது அங்கேதான் விரிசல் கிளம்பும். அது தெரிந்த கை.

தகராறு அதற்கப்புறம். கத்தியின் முதுகு நுனியை நோக்கிப் போகப் போக மெலிகிறது. கொடியும் மெலிய வேண்டாமா? இவர் கடைசி வரைக்கும் அதே அரம், அதே இடைவெளி. நான்காவது அங்குலத்தில் இரண்டு பக்கத்து வெட்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, கொடி அறுந்து, வெறும் பல்வரிசையாகிவிட்டது. அங்கே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. பிடியைச் சுற்றித் தெரிகிற இரும்பு விளிம்பில் முறுக்குக் கயிறு டிசைன் வேறு. பித்தளையில் புள்ளிகள் வேறு. கச்சேரியில் ஒரே ராகத்துக்குள் எல்லா ஸ்வரமும் பாடிக் காட்டுகிற புது வித்வான் மாதிரி.

இன்னொன்று. இது அமெரிக்கக் கத்திக்காரர்கள் நிறையப் போடுகிற கொடி. பிரான்சில் லாகியோல் என்ற மடக்குக் கத்தியின் முதுகிலும் கையால் அராவிய வேலைப்பாடு உண்டு, ஒரு தேனீயோடு. அவர்கள் போட்டால் நாம் போடக் கூடாதா என்றால், தாராளமாகப் போடலாம். ஆனால் சோழர் காலக் கோயில் நிலைவாசலில் கொடிக்கருக்கு என்று ஒன்று அடியிலிருந்து மேல்வரை ஏறுகிறதே, அதைப் பார்த்த கண் இந்தக் கொடியில் தெரியவில்லை. நம் பாட்டிமார் பாக்குவெட்டியில் கிளிக்கு மூக்கு எங்கே நிற்க வேண்டும் என்று ஒரு கொல்லனுக்குத் தெரிந்திருந்தது. அந்த நிதானம்தான் குறைகிறது.

என் கட்சி இது. முதுகில் அரம் போட ஒரு நியாயமான இடம் உண்டு: பிடியை ஒட்டி, கட்டை விரல் அழுத்துகிற ஒரு ஒன்றரை அங்குலம். அங்கே நாலு வெட்டு இருந்தால் விரல் வழுக்காது. பிரயோஜனம் அங்கே ஆரம்பித்து, அழகு அதைக் கொஞ்ச தூரம் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகலாம். வெங்காயம் படுகிற இடத்துக்கு முன்னால் விட்டுவிட வேண்டும். மனைவிக்கு இதுதான் பதில்.

சட்டத்துக்கும் இதில் ஒரு பார்வை இருக்கிறது. ஆயுத விதிகளில் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ, 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு ஆயுதக் கணக்கு. வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் செய்ததற்கு விலக்கு. அதாவது, உபயோகமாக இருந்தால் தப்பித்தீர்கள்.

நியாயமெல்லாம் பேசிவிட்டு அவரிடம் கேட்டேன்: “எதுக்குங்க இவ்வளவு?”

“முன்னே எல்லாம் டை மேட்ச்சிங்னா நீலத்தைத் தடவி, எங்க ஒட்டுதுன்னு பார்த்து, ஃபைல் போட்டு உட்கார வைப்போம் சார். ரெண்டு நாள் ஆகும். இப்ப வயர் கட்டு மெஷின் மைக்ரான் கணக்குல குடுத்துடுது. கை சும்மா இருக்குது சார்.”

ஐ.டி.ஐ.யில் சேர்ந்த புதிதில் ஒரு இரும்புக் கட்டியைக் கொடுத்து மாசக்கணக்கில் அராவச் சொல்வார்கள். தோள் கழன்றுவிடும். அப்படிப் பழக்கிய கைக்கு இனி டூல் ரூமில் வேலை கொஞ்சம்தான். அந்தக் கொடி நான்காவது அங்குலத்தில் ஏன் நிற்கவில்லை என்று எனக்கு அப்போது புரிந்தது. குறை குறைதான், அதை வாபஸ் வாங்கவில்லை.

இதே திருவள்ளூர் மாவட்டத்தில், பூண்டிக்குப் பக்கம், அத்திரம்பாக்கம் இருக்கிறது. 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் கல்லாயுதங்களைக் கண்டெடுத்த இடம். சாந்தி பப்பு குழுவினர் 2011இல் வெளியிட்ட ஆய்வு அங்குள்ள கைக்கோடரிகளுக்குச் சுமார் 15 லட்சம் வருஷம் வயசு சொல்கிறது. அவற்றைப் பூண்டி அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். பல கோடரிகளில் இடதும் வலதும் ஒன்றுபோல இருக்கும். மாட்டை அறுக்க அவ்வளவு சமச்சீர் தேவையா என்று ஆராய்ச்சியாளர்கள் இன்னமும் சண்டை போடுகிறார்கள். அதுவும் நம் அரவேலை மாதிரி, எடுக்க எடுக்கக் குறைகிற வேலை. ஒரு சில்லு அதிகம் பெயர்ந்தால் போச்சு.

கோயில் நிலைவாசல் படம் ஒன்றை நண்பரிடம் காட்டினேன். கொடி மேலே போகப் போக எப்படிச் சுருங்குகிறது, பாருங்கள் என்றேன். கத்தியை எடுத்துப் பார்த்தார். “இது ஹார்டன் பண்ணியாச்சு சார், இனிமே கை வைக்க முடியாது. அடுத்ததுல பார்ப்போம்.” பிறகு படத்தை விரலால் பெரிதாக்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, வெகு நேரம் பார்த்தார்.

“இந்த வளைவு எத்தனை எம்.எம். ரவுண்டு சார் இருக்கும்?”

கத்தி எங்கள் சமையலறையில்தான் இருக்கிறது. கழுவுவதற்கு என் மனைவி பழைய டூத் பிரஷ் ஒன்றைப் பக்கத்திலேயே வைத்திருக்கிறாள்.