கதைமாந்தரும் நிகழ்ச்சியும்

சிறுகதையைப் பாடமாகக் கற்பிக்குமிடத்துக் கதைமாந்தரின் குணங்களை ஒரு பட்டியலாகவும், நிகழ்ச்சிகளை மற்றொரு பட்டியலாகவும் மாணவர்களை எழுதச் செய்வது வழக்கம். தேர்வுக்கு இஃது உதவக்கூடும். கதையை உணர்தற்கு உதவாது. மாந்தரின் இயல்பிலிருந்தே நிகழ்ச்சி பிறக்கிறது. நிகழ்ச்சியின்கண்ணேதான் இயல்பு வெளிப்படுகிறது. இவ்விரண்டையும் பிரித்துப் படித்தால் என்ன நேரும் என்பதற்கு, வ. வே. சு. ஐயர் 1915ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘குளத்தங்கரை அரசமரம்’ என்னும் கதையே தக்க சான்றாகும்.

செல்வமாய் வாழ்ந்த காமேசுவர ஐயர் தம் பொருளை இழக்கிறார். அவர் மகள் ருக்மிணியை மருமகளாகக் கொண்டவர்கள், தம் மகன் நாகராஜனுக்கு வேறொரு பெண்ணை மணமுடிக்க முற்படுகின்றனர். நாகராஜன் இசைவது போல் நடிக்கிறான். தன் உள்ளத்தை நண்பன் சீனிவாசனிடம் மட்டும் உரைக்கிறான். உண்மையறியாத ருக்மிணி குளத்தில் வீழ்ந்து உயிர் துறக்கிறாள், நாகராஜன் துறவியாகிறான்.

‘இக்கொடுமைக்குக் காரணம் யார்?’ என்று வினவினால், ‘மாமியார்’ என்பதே மாணவர் விடையாக இருக்கும். அவ்விடையில் உண்மை உண்டு. ஆனால் அது பாதி உண்மையே. பெற்றோரின் பேராசை ருக்மிணிக்குத் துயர் தந்தது. அத்துயரை ஒரு சொல்லால் தீர்க்க வல்லவனாயிருந்தவன் நாகராஜன். அவன் தீயவனோ? அல்லன்; மனைவியிடம் அன்புடையவனே. இறுதியில் அவளை வியப்பில் ஆழ்த்தி மகிழ்விக்க எண்ணுகிறான். அவள் கண்ணீரோடு நிற்கும் பொழுதும் ஆறுதல் கூறுகிறானேயன்றித் தன் திட்டத்தைக் கூறவில்லை. நல்லவன் ஒருவனின் விளையாட்டே ஓர் உயிரைக் கொள்ளைகொள்கிறது. ‘நாகராஜன் நல்லவன்’ என்று பட்டியலில் எழுதிவிட்டு மேற்செல்லும் மாணவன், கதையின் உயிர்நிலையையே தவற விடுகிறான்.

எனவே ஆசிரியர் கேட்கத்தக்க முதல் வினா, ‘யார் எதனை அறிவார்? யார் அறியார்?’ என்பதாம். சீனிவாசன் அறிவான், ருக்மிணி அறியாள். கதையைச் சொல்லும் அரசமரமோ அறிந்தும் வாய் திறக்க இயலாதது. மரத்தைக் கதை சொல்ல வைத்தது வெறும் புதுமைக்காக என்று கொள்ளலாகாது. உண்மை தெரிந்தும் தடுக்க முடியாத அதன் நிலையிலேயே படிப்பவரும் நிறுத்தப்படுகின்றனர். வாய் பேசாத மரம் துடிக்கிறது, பேசக்கூடியவனோ வாளாவிருக்கிறான்.

இரண்டாவது வினா, ‘இந்நிகழ்ச்சி ஏன் நிகழ்ந்தது?’ என்பது. காமேசுவர ஐயரின் வீழ்ச்சிக்குக் காரணமாகக் கதையில் வரும் அர்பத்நாட் கம்பெனி கற்பனையன்று. சென்னையில் இயங்கிய அந்நிறுவனம் 1906இல் முறிந்து, நம்பிப் பணம் போட்ட பலரை வறியராக்கியது. ஐயர் காலத்து வாசகர் அதனை நன்கறிவர். இக்கால மாணவர் அறியார். இதனை ஆசிரியர் விளக்காவிடில், குடும்பத்தின் சரிவு விதியின் செயல் போலத் தோன்றிவிடும்.

மூன்றாவது வினா, ‘எந்த இடத்தில் யார் வேறுவிதமாக நடந்திருக்கலாம்?’ என்பது. இதற்கு விடை காண முயலும் மாணவன், கதையை மீண்டும் புரட்டிப் பார்த்தே தீரவேண்டும். அங்ஙனம் புரட்டுபவன் நாகராஜனின் மௌனத்தில் வந்து நிற்பான். அன்பு நெஞ்சிலிருந்தால் மட்டும் போதாது, உரிய வேளையில் சொல்லாகவும் வெளிப்படவேண்டும் என்பதனை ஆசிரியர் எடுத்துச் சொல்லாமலே அவன் உணர்ந்துகொள்வான். அவ்வாறு தானே கண்ட உண்மை, தேர்வு முடிந்த பின்னும் அவனை விட்டு நீங்காது.