சாமிக்குப் பின்னால் ஓர் ஏரி

காலண்டர் ஓவியர் கொண்டையராஜுவின் படம் கையில் கிடைத்தால் எல்லோரும் முதலில் முகத்தைத்தான் பார்ப்பார்கள். முகம் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் காலத்தில் முகத்தை லட்சணமாக எழுத இன்னும் நாலைந்து பேருக்குத் தெரிந்திருந்தது. என் கண் போவது தோளுக்கு மேலே, திருவாசிக்கும் படத்தின் ஓரத்துக்கும் நடுவே கிடக்கும் இரண்டு விரல் அகல இடத்துக்கு. அங்கே ஒரு மலை இருக்கும். மலைக்குக் கீழே அசையாத தண்ணீர். தண்ணீருக்கு மேலே நீலம் ஊதாவாகி, ஊதா ரோஜா நிறமாகி, அடிவானத்தில் மஞ்சளாகக் கரைந்துபோகும். எங்கே நீலம் முடிந்தது, எங்கே ரோஜா தொடங்கியது என்று பூதக்கண்ணாடி வைத்தும் எனக்குப் பிடிபட்டதில்லை.

இந்த வானம் எங்கிருந்து வந்தது என்பது தெரிந்த கதை. 1898-இல் பிறந்த மனிதர், சென்னை ஓவியப் பள்ளியில் படித்தார், திருவண்ணாமலையில் ரமணர் ஆசிரமத்தில் கொஞ்ச காலம் இருந்தார், பிறகு நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதப் போனார். 1942-இல் அந்தக் கம்பெனியோடு கோவில்பட்டிக்கு வந்தவர் 1976-இல் கண்ணை மூடும்வரை அந்த ஊரைவிட்டுப் போகவில்லை. படுதாவில் எழுதிப் பழகிய கை அது. கடைசி வரிசையில் தரை டிக்கெட்டில் இருப்பவனுக்கும் 'இது காடு, இது அரண்மனை, இது அந்திநேரம்' என்று ஒரே பார்வையில் புரியவேண்டும். காலண்டருக்கு எழுத வந்தபோது அந்தப் படுதாவையே சுருட்டிக்கொண்டு வந்து சாமிக்குப் பின்னால் தொங்கவிட்டார். கரிசல் மண்ணும் பருத்தியும் தீப்பெட்டியுமாக வெயிலில் காய்கிற ஊரில் இருந்துகொண்டு இத்தனை ஏரிகளை எழுதினார் என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

கண்டியில் இருப்பவர்களுக்கு அந்தப் பின்னணி இன்னொரு விதமாகவும் வேலை செய்கிறது. மழை விட்ட ஒரு மாலையில் ஹந்தானைப் பக்கம் ஏறி நின்று நக்கிள்ஸ் மலைத்தொடரைப் பாருங்கள். அதே ஊதா, அதே கரைசல். தோட்டத்து லயங்களில் இந்தப் படங்கள் இவ்வளவு ஒட்டுதலாக நிலைத்ததற்கு பக்தி மட்டும் காரணமாக இருக்க முடியாது என்பது என் கட்சி. எங்கள் அப்பாயியின் காம்பராவில் இருந்த முருகனுக்குப் பின்னால் தெரிவது எங்கள் தோட்டத்து மேல் மலைதான் என்று பிள்ளைகள் எல்லோரும் நம்பினோம். யாரும் அப்படிச் சொல்லித்தரவில்லை.

பெரியவருக்கு மட்டும் எல்லாப் புகழையும் கொடுத்துவிடவும் மனமில்லை. டி.எஸ். சுப்பையா, ராமலிங்கம், அருணாசலம் என்று தேவி ஆர்ட் ஸ்டூடியோவில் அவரோடு இருந்த சீடர்களின் கையும் இந்தப் படங்களில் இருக்கிறது. கொண்டையராஜு, சுப்பையா என்று இரண்டு பெயரும் சேர்ந்து நிற்கும் தாள்களைத்தான் நான் முதலில் தேடுவேன். அவற்றில் தூரத்து மரங்கள் கொஞ்சம் கூடுதல் பொறுமையோடு எழுதப்பட்டிருப்பதாக எனக்கு ஒரு எண்ணம். நிரூபிக்கச் சொன்னால் சண்டைக்கு வருவேனே தவிர, நிரூபிக்க மாட்டேன்.

பழைய படங்களைச் சேர்ப்பவர்களுக்குள் எதிர்க்கட்சிகள் பல. ரவிவர்மா ஆட்கள் முதலாவது. 1894-இல் பம்பாயில் தொடங்கி, பிறகு லோனாவாலாவுக்குப் பக்கத்து மளவலிக்கு மாறிய அவருடைய அச்சகத்தின் லித்தோ என்றால் உருகிப்போவார்கள். கல்லில் நிறம் நிறமாக ஏற்றிய அச்சு. புள்ளிகள் ஒழுங்கில்லாமல் கையால் குத்தியவை. ஓப்செட்டின் வரிசைப் புள்ளி எந்தக் காலத்திலும் அந்த ஆழத்தைத் தராது என்பார்கள். அதெல்லாம் சரிதான். ஆனால் ரவிவர்மாவின் லட்சுமி அரச குடும்பத்துப் பெண்ணைப்போல நின்றுகொண்டிருக்கிறாள். கோவில்பட்டி லட்சுமி வீட்டுக்குள் வரத் தயாராக நிற்கிறாள். சுவரில் மாட்டி நாளும் பார்க்கப்போகிற படத்துக்கு எனக்கு இரண்டாவது குணம்தான் வேண்டும்.

அடுத்த கட்சி, பௌத்தப் படங்கள் எழுதிய சார்லிஸ் மாஸ்டருடையது. சிங்கள நண்பர்கள் வீட்டில் அவருடைய வெஸ்ஸந்தர ஜாதகப் படங்களைப் பார்க்கும்போது கொஞ்சம் பொறாமையாகவே இருக்கும். ஜெர்மனியில் அச்சாகி வந்த தாள்கள். காகிதத்தின் தடிமனே வேறு. இந்தக் கட்சியோடு எனக்குச் சமாதானம் உண்டு. ஒரே பழைய சாமான் கடையில் அவர்கள் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் குனிந்து தேடுவோம், ஒருவர் கண்ணில் பட்டதை மற்றவருக்காக எடுத்தும் வைப்போம்.

சமாதானமே இல்லாதது மூன்றாவது கட்சியோடு. அவர்கள் சேர்ப்பது லிட்டில்டன் 1819-இல் வெளியிட்ட கண்டிக் காட்சிகள், பிளாட்டே ஸ்டூடியோவின் மங்கிய புகைப்படங்கள், தேயிலைப் பிரசாரப் போஸ்டர்கள். இவை கெட்டவை என்று சொல்ல வரவில்லை. மக்டொனால்ட் கில் 1933-இல் வரைந்த இலங்கைத் தேயிலை வரைபடத்தின் அசல் கையில் வந்தால் நானும் விடமாட்டேன். ஆனால் கண்டியில் எந்த ஹோட்டலுக்குள் போனாலும் அதே யானை, அதே ஏரி, கொழுந்துக் கூடையோடு சிரிக்கிற அதே பெண். எல்லாம் கணினி நகல். போதாததற்கு அந்த நகலைத் தேயிலைச் சாயத்தில் முக்கிப் 'பழசு' என்று விற்கிறார்கள். தேயிலை நாட்டில் தேயிலைக்கு வந்த கதி! சாயம் தோய்த்தது ஓரம்வரை ஒரே சீராகப் பழுத்திருக்கும். உண்மையாகவே சுவரில் வயதான தாளைச் சட்டத்திலிருந்து கழற்றினால், சட்டம் மூடியிருந்த ஓரம் மட்டும் வெளிறாமல் நிற்கும். இதைக் கூடப் பார்க்காமல் வாங்குகிறவர்களுக்காக நான் வருத்தப்படுவதை நிறுத்திவிட்டேன்.

இந்தப் பக்கத்துக் கடைகளுக்குச் சரக்கு இரண்டு வழியாக வந்தது. எழுபதுகளில் காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசாங்கத்தின் கைக்குப் போனபோது துரை பங்களாக்கள் காலியாகின. நரி வேட்டைப் படங்கள், லண்டன் பத்திரிகைகளிலிருந்து கிழித்துச் சட்டம் போட்ட மரச்செதுக்கு அச்சுகள் எல்லாம் அப்படித்தான் கீழே இறங்கின. இன்னொரு வழியை யாரும் பெருமையாகச் சொல்வதில்லை. 1964-இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இந்திய வம்சாவளியினர் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது என்று முடிவு செய்தது. தலைமன்னாருக்குக் கோச்சி ஏறியவர்களால் கண்ணாடி போட்ட படத்தைக் கொண்டுபோக முடியவில்லை. படத்தைக் கழற்றிச் சுருட்டி ட்ரங்குப் பெட்டியில் வைத்துவிட்டு வெறும் சட்டத்தை விற்றார்கள் என்று கம்பளையில் ஒரு முதியவர் என்னிடம் சொன்னார். அவர் அப்பா அப்படி வாங்கிய சட்டங்களில்தான் பிறகு வேறு படங்கள் ஏறினவாம். பழைய பலாமரச் சட்டம் ஒன்றைத் திருப்பினால், பின்பலகையில் முந்தைய படத்தின் அளவில் ஒரு வெளிர் சதுரம் தெரிவதை நானும் கண்டிருக்கிறேன்.

போனவர்களுக்கு இப்படிச் சுவடு மட்டும்தான் மிஞ்சுகிறது. இதனால்தான் காலண்டரின் அடிப்பட்டையை வெட்டுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆத்திரம் வருகிறது. சிவகாசியிலிருந்து சாமி மட்டும் அச்சாகி வரும்; கீழே வெற்றிடம் இருக்கும். அதில் நம்மூர்க் கடைக்காரர்கள் தங்கள் பெயரை ஏற்றிக்கொள்வார்கள். ஜவுளிக்கடை, நகைக்கடை, சுருட்டுக்கடை, மொத்த வியாபாரம். தெருப் பெயர் பழைய பெயராக இருக்கும், டி.எஸ். சேனநாயக்க வீதி திருகோணமலை வீதியாகவே நிற்கும். 'விளம்பரம் அசிங்கமாக இருக்கிறது, வெட்டினால் ஆர்ட் மாதிரி ஆகிவிடும்' என்று ஒரு வியாபாரி என் கண் முன்னாலேயே கத்தரியை எடுத்தார். அந்தப் பட்டைகளில் உள்ள கடைகளில் பல 1983 யூலை இனக் கலவரத்துக்குப் பிறகு இல்லை. அவற்றின் முகவரி இன்று அந்த ஒரு அங்குலக் காகிதத்தில்தான் இருக்கிறது. பட்டையோடு இருக்கும் மங்கிய படத்துக்கு, பட்டை போன பளிச்சென்ற படத்தைவிட இரட்டிப்பு விலை கொடுக்க நான் தயார். இப்படிச் சொல்லிச் சொல்லியே விலையை நானே ஏற்றிவிட்டேன் என்று நண்பர்கள் திட்டுகிறார்கள்.

மாட்டும் விதத்துக்கு வருகிறேன். இப்போதைய உள் அலங்காரக்காரர்கள் ஒன்பது படத்தை மும்மூன்றாகக் கட்டம் போட்டு, கண் மட்டத்தில், சுவரோடு ஒட்ட அறைகிறார்கள். நம் பாட்டன்கள் உயரத்தில் ஆணி அடித்து, கீழ் விளிம்பை ஒரு கட்டையில் நிறுத்தி, மேல் விளிம்பை முன்னால் சாய்த்துக் கயிற்றில் கட்டினார்கள். அந்தச் சாய்வில் கண்ணாடியில் ஜன்னல் வெளிச்சம் அடிக்காது. சாமி நம்மைக் குனிந்து பார்க்கும். அதைவிட முக்கியம், படத்துக்குப் பின்னால் காற்று ஓடும். ஒக்டோபர், நவம்பர் மழையில் கண்டிச் சுவர் குடிக்கிற ஈரத்துக்கு, ஒட்ட மாட்டிய படம் இரண்டே வருடத்தில் பூஞ்சணம் கட்டிவிடும். நவீனமாகத்தான் மாட்டுவேன் என்கிறவர்கள், தயவுசெய்து சட்டத்தின் நாலு மூலையிலும் ஒரு தக்கைத் துண்டாவது ஒட்டுங்கள். பின்பலகையின் அமிலம் தாளில் ஏறி மரத்தின் ரேகையை அப்படியே பழுப்பாகப் பதிக்கும் என்பதால், பழைய பலகையை நடுவில் நல்ல அட்டை வைக்காமல் திரும்பப் போடாதீர்கள். கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தை உரிக்கவே வேண்டாம், அப்படியே இருக்கட்டும்.

வெயில் பட்டால் மஞ்சளும் ரோஜாவும் முதலில் போய்விடும், நீலமும் கறுப்பும் மட்டும் மிஞ்சும். மேற்குப் பார்த்த இஸ்தோப்பில் மாட்டினால் எல்லாச் சாமியும் பத்து வருடத்தில் கிருஷ்ணர் ஆகிவிடுவார்கள். கொண்டையராஜுவின் அந்தி வானம் அப்படிப் போய் வெறும் நீலமாகக் கிடக்கும் படங்களைக் கடைக்காரர்கள் குறைந்த விலைக்குத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். நான் தொடுவதில்லை. முகம் போனாலும் பொறுத்துக்கொள்வேன், வானம் போனால் முடியாது.

பின்னணி என்ற ஒன்றையே இப்போது எழுதுகிறவர்கள் விட்டுவிட்டார்கள். இன்றைய காலண்டரில் சாமிக்குப் பின்னால் ஒரு மஞ்சள் ஒளிவட்டம், அதைச் சுற்றி மின்னும் தூசி, அவ்வளவுதான். முகம் கணினியில் வழுவழுப்பாக்கிய முகம். முருகனுக்கும் ராமருக்கும் கிரீடத்தில்தான் வித்தியாசம். ஊரைக் காட்ட வேண்டும் என்ற எண்ணமே இல்லை. டிரினிட்டிக் கல்லூரித் தேவாலயத்துச் சுவரில் டேவிட் பெயின்டர் இயேசுவின் கதையை இந்தத் தீவின் மனிதர்களையும் மரங்களையும் வைத்து எழுதினாரே, அதைப் பார்த்துவிட்டு வெளியே வந்து இந்தக் காலண்டரைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும். கொண்டையராஜுவின் மலை எந்த ஊர் மலையும் இல்லை என்பது தெரியும். ஆனாலும் சாமி எங்கேயோ ஓர் இடத்தில் நிற்கிறார் என்று அவர் நம்பினார்.

கம்பளையில் ஒரு பலசரக்குக் கடையில், கல்லாவுக்கு மேலே, இரண்டு பெயரும் சேர்ந்து உள்ள ஒரு முருகன் இருக்கிறார். அடிப்பட்டை முழுசாக இருக்கிறது. கண்டிக் கடை ஒன்றின் பெயர், பழைய தெருப் பெயரோடு. ஊதுபத்திப் புகை ஏறியும் வானம் மட்டும் அப்படியே நிற்கிறது. விலை கேட்டால், "சாமி படத்துக்கு விலை பேசக்கூடாதுங்க" என்கிறார் முதலாளி. கேட்பதை நானும் விடவில்லை. போன முறை போனபோது, படம் அழுக்காகத் தெரிகிறது, வருகிற தைப்பொங்கலுக்குள் லேமினேட் பண்ணிவிடப் போகிறேன் என்றார்.