மணப்பந்தலில் எந்தப் பாட்டு?

சிங்கப்பூர்ச் சிராங்கூன் சாலையிலே மணவீட்டார் நடக்கும் நடையை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். பட்டுக்கு நாலு கடை, நகைக்கு ஆறு கடை, விருந்துக்கு மூன்று சமையற்காரர் என்று மாதக்கணக்கில் அலைவர். பாட்டு என்று வரும்போது மட்டும், “எல்லாரும் போடுவதைப் போடுங்கள்” என்று ஒலிபெருக்கி வைப்பவரிடம் சொல்லிவிட்டு வந்துவிடுவர். ஆகவே அன்று நம் காதில் விழுவது மணமக்களின் விருப்பமன்று; ஒலிபெருக்கிக்காரரின் வழக்கமே. அவ்வழக்கத்தைச் சிறிது ஆராய்வோம்.

முதலில் கெட்டிமேளம். தாலி கட்டும் வேளையில் யாரேனும் தும்மினாலும், அமங்கலச் சொல்லொன்று காதில் விழுந்தாலும் தீங்கு வரும். அதை மறைக்கவே மேளத்தை ஓங்கி முழக்குவது என்று பெரியவர்கள் காரணம் கூறுவர். ஒன்றைக் கேட்பதற்காக அன்றி, வேறொன்றைக் கேளாதிருப்பதற்காக இசையை அமர்த்தும் விந்தை இது! 1928இல் சுக்கிலநத்தத்தில் முதல் சுயமரியாதைத் திருமணம் நடந்தது. 1929இன் இறுதியில் பெரியார் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்தார். புரோகிதரில்லாத மணங்கள் இங்கும் நடந்தன. ஆயினும் புரோகிதரை விலக்கிய வீடுகளிலும் தும்மலுக்கு அஞ்சும் மேளம் விலகவில்லை. 1961இல் மாதர் சாசனம் வந்ததிலிருந்து, சட்டத்தின்முன் மணத்துக்குச் சான்று பதிவேட்டிலிடும் கையொப்பம். அந்தக் கையொப்பத்துக்கு ஒருவர் தவிலைத் தட்டி நாம் கேட்டதில்லை.

அடுத்து சினிமாப் பாட்டு. அறுபது ஆண்டுகளாக நம் மணப்பந்தல்களை ஆண்டு வருபவை இரண்டு. ஒன்று, 1961இல் வெளிவந்த ‘பாசமலர்’ படத்தின் ‘வாராய் என் தோழி’. கண்ணதாசன் எழுதி, எல். ஆர். ஈஸ்வரி பாடியது. தோழியர் மணமகளைச் சீண்டி அழைக்கும் அந்தத் துள்ளலுக்கு ஈடு சொல்வது கடினம்; நாமும் தாளம் போட்டிருக்கிறோம். ஆனால், அந்தப் படத்தில் அத்திருமணத்துக்குப் பின் நேர்வதென்ன? குடும்பம் பிளந்து, இறுதியில் அண்ணனும் தங்கையும் மாண்டு போகின்றனர். தும்மலுக்கு நடுங்குவோர் இதற்கு நடுங்கவில்லை. சகுனம் என்பது எவ்வளவு வசதியான சரக்கு என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

மற்றொன்று, 1962இல் வந்த ‘சாரதா’ படத்துக்குப் பஞ்சு அருணாசலம் எழுதிய ‘மணமகளே மருமகளே வா வா’. மெட்டு இனியது, குறை பாட்டின் நோக்கில் இருக்கிறது. அங்கே பெண்ணை அழைப்பவன் கணவனல்லன், கணவனின் வீடு. மணமகள் என்ற பெயர் உடனே மருமகள் என்று மாறிவிடுகிறது. தோட்டத்து லயத்தில் ஓர் அறைக்குள் மாமன் மாமியோடு குடிபுகுந்த நம் பாட்டிமாருக்கு அது உண்மையாக ஒலித்திருக்கலாம். இன்று சிங்கப்பூரில் மணமகனும் மணமகளும் இருவர் சம்பளத்தையும் கணக்கிட்டு, பல சமயம் மணத்துக்கு முன்பே வீவக வீட்டுக்கு விண்ணப்பித்துக் காத்திருக்கின்றனர். தன் பணமும் போட்டு வாங்கிய வீட்டுக்குள் வர அவளை யார் அழைப்பது?

அப்படியாயின் எதைப் பாடுவது? நாம் முன்வைப்பது பாரதிதாசனின் ‘துன்பம் நேர்கையில்’. அதற்குத் தேஷ் இராகத்தில் மெட்டமைத்தவர் தண்டபாணி தேசிகர். அண்ணாவின் ‘ஓர் இரவு’ 1951இல் படமானபோது அது காதலர் பாட்டாக ஒலித்தது. மக்களும் அப்படியே நினைவில் வைத்திருக்கின்றனர். ஆனால், பாட்டின் முடிவுவரை பொறுமையாய்க் கேட்பவர் ஒன்றை உணர்வர். அதில் பேசுவது காதலன் குரலன்று, பெற்றவர் குரல். பெற்ற செல்வத்திடம் அவர் கேட்பது யாழிசையும் கூத்தும் குறளின் சொல்லும், அகம் புறம் கற்ற அறிவும். அடக்கத்தைக் கேட்கவில்லை, அடுக்களையைக் கேட்கவில்லை. பெண்ணை மணமேடைக்கு அனுப்பும் தாய் தந்தையர் பாட இதைவிடப் பொருத்தமான பாட்டை நாம் அறியோம்.

ஆனால், இதைச் சொன்னதும் வீட்டில் எழும் கூச்சல் என்ன? “கலியாணத்தில் துன்பம் என்று தொடங்குவதா?” என்பதே. பாட்டு முழுவதும் துன்பத்தை மாற்றும் வழியைப் பேசுகிறது. முதற்சொல்லோடு காதைப் பொத்திக்கொள்கின்றனர். இல்லறத்தில் துன்பமே வராது என்று மணமக்களுக்கு யார் உறுதி தந்தது? வரும்போது ஒருவருக்கொருவர் என்ன செய்வது என்று கேட்கும் பாட்டை ஒதுக்கிவிட்டு, அண்ணனும் தங்கையும் மாண்ட கதையின் பாட்டைத் தெரு முனைவரை முழங்கவிடுகிறோம்.

நம் தோழர்களிடமும் ஒரு குறையுண்டு. புரோகிதரோடு நாகசுரத்தையும் சேர்த்து வெளியேற்றியவர் சிலர். நாகசுரம் புரோகிதரின் சொத்தன்று. சுயமரியாதை இயக்கத்தின் தொடக்க காலத்தில், கானாடுகாத்தான் மண ஊர்வலத்தில் வாசித்த மதுரை சிவக்கொழுந்து தோளில் துண்டு போட்டிருந்ததைச் சாதித் திமிர் பொறுக்கவில்லை. ‘எடுக்காதே’ என்று அவர் பக்கம் நின்றவர் பட்டுக்கோட்டை அழகிரிசாமி. அந்தத் துண்டுக்காக நின்ற இயக்கத்தின் வழிவந்தோர், வாசிப்பவரை விட்டுவிட்டு இசைத்தட்டைச் சுழலவிட்டது நமக்கு விளங்கவில்லை. இங்குள்ள கோயில்களில் தமிழகத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்த நல்ல வித்துவான்கள் இருக்கின்றனர். அவர்களை ஒலி மூடியாக அமர்த்தாமல், கேட்பதற்காக அழையுங்கள். எந்தப் பாட்டு என்று ஒரு மாதம் முன்பே சொல்லுங்கள். வாசிக்கும்போது ஒலிபெருக்கியை நிறுத்துங்கள். அவர்களைக் கடைசிப் பந்திக்குத் தள்ளாமல், உறவினரோடு முதற்பந்தியில் உட்கார வையுங்கள்.

அப்போதும் பாட்டி முகம் சுளித்தால், நாகசுரத்தில் சொல் இல்லை. தேஷ் மட்டுமே கேட்கும். அவர் தலையாட்டி மகிழ்ந்த பிறகு, அது எந்தப் பாட்டு என்று பேத்தியே சொல்லட்டும்.